இலங்கையின் இளவேனிற் பயணிகள்

பங்குனி மாதத்தின் கடைக்கூறில் கொழும்பு மாநகரின் வானத்தில் இருவகைப் பயணங்கள் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. ஐப்பசி தொடங்கி மாரிகாலம் முழுவதையும் இத்தீவிற் கழித்த பறவைகள் வடதிசை நோக்கிப் புறப்படுகின்றன. அதே நாட்களில் வெண்மையும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங் கூட்டமாக வயல்களையும் தோட்டங்களையும் கடந்து ஒரே திசையிற் செல்லுகின்றன. வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலைக் காற்று வாங்குவோரும், கொட்டாஞ்சேனைத் தெருக்களில் அலுவலுக்கு விரைவோரும் இவற்றைக் கண்டும் காணாதவராய்ப் போவது வழக்கம். ஆயினும் இந்தப் பயணங்களை மக்கள் எவ்வாறு அறிந்துகொண்டனர், யார் யார் அவற்றைக் குறித்து வைத்தனர் என்பது இலங்கையின் அறிவு வரலாற்றில் சுவை மிகுந்த ஓர் அத்தியாயமாகும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நன்று. இளவேனிற் காலத்தின் பறவை என்றவுடன் எவருக்கும் நினைவுக்கு வருவது குயிலே. முள்முருக்கு சிவப்பாகப் பூக்க, குயில் கூவ, சித்திரைப் புத்தாண்டு பிறக்கின்றது என்பது தமிழரும் சிங்களவரும் ஒருங்கே கொண்டாடும் எண்ணம். இதனால் குயில் எங்கிருந்தோ வருகின்ற விருந்தாளி என்று பலர் கருதுவர். உண்மையில் இலங்கைக் குயில் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்கின்றது. இனம் பெருக்கும் பருவம் நெருங்கும்போதுதான் அதன் குரல் ஓயாது எழுகின்றது. காகத்தின் கூட்டில் முட்டையிடுவது அதன் இயல்பாதலால், காகங்கள் நிறைந்த கொழும்பு நகரம் அதற்கு மிகவும் ஏற்ற இடமாயிற்று. வந்ததாக நாம் நினைக்கும் பறவை வரவேயில்லை. அதன் குரல் ஓங்கும் அதே நாட்களில் உண்மையான விருந்தினர் ஓசையின்றி விடைபெற்றுக் கொள்கின்றனர்.

அவ்வாறு விடைபெறுவோருள் ஒன்று ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும், நீலத் தோளும், கண்ணின் குறுக்கே கருங்கோடும், வால் அடியிற் செந்நிறமும் கொண்ட இச்சிறு பறவை நிலத்தில் உதிர்ந்த இலைகளைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தேடி உண்பது. வடஇந்தியர் இதன் பல நிறங்களைக் கண்டு நவரங்கம் எனப் பெயரிட்டனர். தமிழரோ இதன் நிறத்தை விடுத்து நேரத்தைக் கண்டனர். காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரட்டைச் சீழ்க்கையாய்க் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்றனர். சிங்கள மக்கள் அக்குரலையே பெயராக்கி ‘அவிச்சியா’ என அழைத்தனர். தன் அழகிய ஆடையை மயில் கவர்ந்து சென்றதென்று இப்பறவை முறையிடுவதாக அவர்களிடையே ஒரு கதையும் உண்டு.

இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியாவின் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, புரட்டாதி ஐப்பசியில் இலங்கையை அடைகின்றது. நீண்ட பயணத்தாற் களைத்துப் போய்க் கொழும்பு வீடுகளின் தாழ்வாரங்களிலும் தோட்டங்களிலும் விழுந்து கிடக்கும் பறவைகளைக் கண்டெடுத்தோர் பலர். சித்திரை மாத அளவில் அவை மறைந்துவிடுகின்றன. இரவில் புறப்பட்டு இரவிலேயே பறப்பதனால் அவற்றின் புறப்பாட்டைக் காண்பார் அரியர். ஒருநாள் மாலை ஆறு மணிக்கு அந்தக் குரல் கேட்கவில்லை என்பதே அவற்றின் விடைபெறுதலுக்குச் சான்று. தகைவிலான் குருவிகளும், நீலவாற் பஞ்சுருட்டான்களும், பழுப்புக் கீச்சான்களும் இதே பருவத்தில் தத்தம் வடநிலங்களை நோக்கித் திரும்புகின்றன. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள குறுகிய கடலும் மன்னார்க் கரையும் இத்தகைய பயணிகள் பலருக்கு வாயிலாய் அமைந்துள்ளன.

ஆறுமணிக்குருவி என்ற பெயர் சிறியதோர் அறிவுப் பெட்டகம். எந்த நேரத்தில் அது கூவும் என்பதை நாள்தோறும் கேட்டறிந்த மக்களன்றி வேறெவரும் அப்பெயரைச் சூட்டியிருக்க முடியாது. எழுத்தில் ஏறாத காலத்தில் அறிவு பெயர்களிலேயே தங்கியிருந்தது. இதற்கு இன்னும் பெரியதோர் எடுத்துக்காட்டு மலைநாட்டில் உள்ளது.

தமிழ்ச் சைவர்கள் சிவனொளிபாத மலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாதம் என்றும், இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஆதாம் மலை என்றும் போற்றும் சிகரத்துக்குச் சிங்களத்தில் ‘சமனல கந்த’ என்றும் ஒரு பெயர் உண்டு. சமனலயா என்பது வண்ணத்துப்பூச்சி. மலையின் காவற்றெய்வமாகக் கருதப்படும் சமன் தேவனின் பெயரும் இதனுடன் பின்னிப் பிணைந்துள்ளது. மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையில் முடியும் யாத்திரைக் காலத்தின் பிற்பகுதியில், வண்ணத்துப்பூச்சிகளின் பெருங்கூட்டங்கள் மலைப்பக்கம் நோக்கிச் செல்வதை யாத்திரிகர் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்தனர். அவையும் பாதச்சுவட்டை வணங்கி அங்கேயே உயிர்விடச் செல்லுகின்றன என்பது மக்கள் நம்பிக்கை. நம்பிக்கையை ஒரு புறம் வைத்துப் பார்த்தாலும், அதனுள் பொதிந்திருக்கும் கவனிப்பு வியக்கத்தக்கது. பருவம் எது, திசை எது, மீண்டு வருவதைக் காண முடிவதில்லை என்னும் மூன்று செய்திகளும் அதனுள் அடங்கியுள்ளன. பிற்கால விஞ்ஞானம் முதன்முதலிற் கேட்ட வினாக்களும் இவையே.

இக்காட்சி ஏட்டில் ஏறத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலாகும். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராகக் கடமையாற்றிய சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் 1859இல் இத்தீவைப் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார்; 1861இல் இங்குள்ள உயிரினங்களைப் பற்றித் தனி நூலொன்றும் எழுதினார். வெள்ளையும் வெளிறிய மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சிகள் மைல் கணக்கான அகலத்துக்குப் பரந்து, மணிக்கணக்காகவும் சிலவேளை நாட்கணக்காகவும் கடந்து செல்வதை அவர் விவரித்துள்ளார். அவருடைய நண்பர் ஒருவர் கண்டியிலிருந்து குருநாகலுக்கு வண்டியிற் சென்றபோது, ஒன்பது மைல் தூரத்துக்கு வெண்ணிறப் பூச்சிகளின் மேகத்தினூடாகவே பயணஞ் செய்ய நேர்ந்ததாம். எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்பதை அக்காலத்தில் எவராலும் சொல்ல இயலவில்லை.

தெனன்றின் காலத்தில் இலங்கையில் இயற்கையாய்வு செய்தோர் சிலரே. இத்தீவிலேயே பிறந்து மருத்துவராக விளங்கிய எட்வேர்ட் பிரெடெரிக் கெலார்ட் 1852இல் இலங்கை விலங்கினங்களைப் பற்றிய முன்னோடி நூலொன்றை வெளியிட்டார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இங்கு வாழ்ந்த எட்கார் லேயார்ட், பறவைகளைப் பற்றிய தமது குறிப்புக்களை 1853ஆம் 1854ஆம் ஆண்டுகளில் இலண்டன் சஞ்சிகையொன்றில் எழுதினார். பின்னர் பீரங்கிப் படை அதிகாரியான வின்சன்ற் லெக் இலங்கைப் பறவைகளின் முழு வரலாற்றை 1878 முதல் 1880 வரையிற் பகுதி பகுதியாக வெளியிட்டார். பறவைகளின் சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் அவர் தம் நூலிற் சேர்த்தமை குறிப்பிடத்தக்கது. பெயரைச் சொன்ன வேட்டைக்காரரும் உழவரும் மீனவரும் யாரென்பது நூலில் இல்லை. அவர்கள் சொன்ன பெயர் மட்டும் நிலைத்து நின்றது.

பூச்சிகளின் வரலாற்றில் உள்நாட்டவரின் கை இன்னும் வெளிப்படையாகத் தெரிகின்றது. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன என்ற ஓவியர் பல ஆண்டுகள் செடிகொடிகளை வரைந்து வந்தார். அவருடைய மைந்தர்களான வில்லியம், ஜோர்ஜ் என்போரும் அக்கலையிற் சிறந்து விளங்கினர். பூங்காவின் தலைவர் துவெய்ற்ஸ் அவர்களின் மேற்பார்வையில் டி அல்விஸ் சகோதரர்கள் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் உயிருள்ளபடியே தீட்டினர். பூச்சியை மட்டுமன்றி அதன் புழுவையும், கூட்டுப்புழுவையும் அவர்கள் வரைந்தனர். அந்த ஓவியங்களை ஆதாரமாகக் கொண்டே பிரெடெரிக் மூர் என்னும் ஆங்கிலேயர் 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று பெருந்தொகுதிகளை வெளியிட்டார். இலங்கை அரசாங்கத்தின் பொருளுதவியால் வெளிவந்த அந்நூல் உலகெங்கும் புகழ் பெற்றது. இறந்த பூச்சியை ஊசியிற் குத்தி வைத்துப் பெயரிடுவோர் பலர் இருந்த காலத்தில், ஒரு பூச்சியின் வாழ்க்கை முழுவதையும் அருகிருந்து பார்த்து வரைந்தவர்கள் இச்சகோதரர்கள். அவர்கள் பார்த்த பார்வையின் பெறுமதி பின்னரே விளங்கிற்று.

இதற்கிடையில் தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியால் கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு தைமாதம் முதலாந் திகதி திறக்கப்பட்டது. முன்னர் கறுவாச் செடிகள் வளர்ந்திருந்த கறுவாத்தோட்டத்தில் எழுந்த அந்த வெண்ணிற மாளிகை, இலங்கையின் பறவைகளும் பூச்சிகளும் ஒருங்கே சேர்த்து வைக்கப்பட்ட களஞ்சியமாயிற்று. 1903 முதல் அந்நூதனசாலை வெளியிட்ட ‘ஸ்பொலியா சைலானிக்கா’ என்னும் சஞ்சிகை, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வரும் சிறு குறிப்புக்களுக்கு இடமளித்தது. ஒருவர் கண்டதை மற்றொருவர் கண்டதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க அதனால் வழி பிறந்தது.

வண்ணத்துப்பூச்சிகளின் பயணம் போன்ற ஒரு செயலை அறிவதற்கு இதுவே இன்றியமையாத கருவி. ஒரு பயணத்தின் முழுவடிவத்தைத் தனியொருவர் காண முடியாது. தம் வீட்டு முற்றத்தைக் கடக்கும் பூச்சிகளை மட்டுமே அவர் காண்பார். குருநாகலிற் கண்டவர், ஊவாவிற் கண்டவர், கொழும்பிற் கண்டவர் ஆகிய மூவரும் நாளையும் நேரத்தையும் திசையையும் எழுதி வைத்தாலன்றி அது வெறுங் காட்சியாகவே நின்றுவிடும்.

அவ்வாறு எழுதி வைத்தோர் சிலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தனர். அரசாங்கப் பூச்சியியலாளராயிருந்த ஏர்னஸ்ட் கிறீன், அவரைப் போன்றே பூச்சிகளை ஆராய்ந்த பிரையர், மலைநாட்டிலே தோட்டத்துரையாயிருந்து 1924இல் இலங்கை வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி நூலெழுதிய ஓர்மிஸ்ரன் ஆகியோர் கண்டவற்றைத் தவறாது குறித்து வந்தனர். பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழகத்தின் கொடைக்கானல் மலையிலும் ஒருவர் அதே வேலையைச் செய்து கொண்டிருந்தார். அவர் பூச்சியியலாளரல்லர், கொடைக்கானற் சூரிய ஆய்வுநிலையத்தின் தலைவரான ஜோன் எவர்ஷெட். சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கி ஓடும் இயல்பை 1909இல் கண்டறிந்து வானியலிற் பெயர் நிலைநாட்டிய அவ்வறிஞர், தம் மலையைக் கடந்து செல்லும் வண்ணத்துப்பூச்சிகளையும் அதே கவனத்துடன் குறித்து வைத்தார்.

இந்நால்வரின் குறிப்புக்களையும் ஒன்றுசேர்த்துத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிகழும் வண்ணத்துப்பூச்சிப் பயணங்களைப் பற்றிய ஆய்வொன்றை 1927இல் கரிங்ரன் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வெளியிட்டார். 1930இல் உலகளாவிய முறையில் இப்பொருளை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். பூச்சிகள் காற்றில் அடிபட்டுச் செல்லும் சருகுகள் போன்றவை என்னும் எண்ணம் அதுவரை பரவலாக இருந்தது. காற்று மாறினும் திசை மாறாது அவை பறப்பதைக் காட்டும் சான்றுகளை வில்லியம்ஸ் அடுக்கி வைத்தார். இலங்கையில் இப்பயணங்கள் பெரும்பாலும் வடகீழ்ப் பருவமழையை ஒட்டியும், பின்னர் மாசி முதல் சித்திரை வரையிலும் என இரு பருவங்களில் நிகழ்கின்றன என்பதும் குறிப்புக்களின் வாயிலாகத் தெளிவாயிற்று.

இவை ஏன் புறப்படுகின்றன? இதற்கு விடை பூவில் இல்லை, இலையில் உள்ளது. வண்ணத்துப்பூச்சி தேனுண்பதாயினும் அதன் புழு இலையுண்பது. ஒவ்வோர் இனமும் தனக்கேயுரிய சில செடிகளில் மட்டுமே முட்டையிடும். மஞ்சளும் வெண்மையுமாய்ப் பறக்கும் பெருங்கூட்டங்களில் முதன்மையான இனங்களின் புழுக்கள் கொன்றை, ஆவாரை முதலியவற்றின் இலைகளை உண்கின்றன. வெண்ணிறக் கூட்டங்களிற் காணப்படும் வேறு சில இனங்களுக்கு உலர்வலயக் காடுகளிலே வளரும் வீரை மரத்தின் தளிரே உணவு. வடகீழ்ப் பருவமழை பெய்து வன்னியிலும் கிழக்கிலும் காடுகள் துளிர்க்கும்போது புழுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன. மழை ஓய்ந்து இலைகள் முற்றியதும் புதுத் தளிருள்ள இடங்களை நாடிப் பூச்சிகள் பரவ வேண்டியதாகின்றது. சரக்கொன்றை பொற்சரமாய்ப் பூத்துச் சிவாலயத் திருமுற்றங்களை அழகு செய்யும் அதே பருவத்தில் அதன் இலையுண்டு வளர்ந்த உயிர்கள் வானில் நிரம்புவது தற்செயலன்று.

பறவையின் பயணத்துக்கும் பூச்சியின் பயணத்துக்கும் உள்ள வேற்றுமையும் இங்கே விளங்கும். ஆறுமணிக்குருவி வந்த வழியே திரும்பிச் சென்று, அடுத்த ஐப்பசியில் மீண்டும் வரக்கூடும். வண்ணத்துப்பூச்சியின் ஆயுளோ பெரும்பாலும் சில வாரங்களே. புறப்பட்ட பூச்சி வீடு திரும்புவதில்லை. அது முட்டையிட்ட இடத்திற் பிறக்கும் அடுத்த தலைமுறையே பயணத்தைத் தொடர்கின்றது. மலைக்குச் சென்ற பூச்சிகள் அங்கேயே உயிர்விடுகின்றன என்று யாத்திரிகர் சொன்னது இவ்வகையில் உண்மைக்கு மிக அண்மையில் நின்றது எனலாம்.

எனினும் இவ்வரலாற்றில் ஓர் இடைவெளி உண்டு. வில்லியம்ஸ் தமது ஆய்வின் தலைப்பிலே நன்றியுடன் பொறித்த பெயர்கள் நான்கும் ஐரோப்பியருடையவை. ஆனால் மஸ்கெலியாவிலும் ஊவாவிலும் விடியற்காலை முதல் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்தவர்கள் தமிழ்த் தொழிலாளர். நல்லதண்ணியிலிருந்து சிகரத்துக்கு ஏறும் பாதையின் இருமருங்கும் அவர்கள் வாழ்ந்த நிலம். வன்னிக் காட்டோரத்தில் வீரைப்பழம் பறித்து உண்டவர்களும், மன்னார்க் கரையில் வலையுலர்த்தியவர்களும் இப்பயணங்களை ஆண்டுதோறும் நேரிற் கண்டவர்களே. வண்டியிற் சென்ற துரை ஒருமுறை கண்டது நூலாயிற்று. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கண்டதோ ஏடேறவில்லை. ஆறுமணிக்குருவி போன்ற ஒரு சில பெயர்களைத் தவிர அந்த அறிவின் பெரும்பகுதி பேசியவரோடு மறைந்தது. அது நம் இலக்கியத்துக்கும் இயற்கையறிவுக்கும் ஒருங்கே நேர்ந்த இழப்பாகும்.

நாட்டிற் பிறந்தோரின் பணி இருபதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல விரிந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் 1891இற் பிறந்த ஜோர்ஜ் ஹென்றி, கொழும்பு நூதனசாலையில் ஓவியராய்ச் சேர்ந்து, பின்னர் பூச்சியியற் பகுதியில் 1946 வரை கடமையாற்றினார். நில அளவைத் துறையைச் சேர்ந்த உட்ஹவுஸ் என்பவருடன் கூடி அவர் 1942இல் இலங்கை வண்ணத்துப்பூச்சி நூலையும், தாமே எழுதி வரைந்து 1955இல் இலங்கைப் பறவைகளுக்கான வழிகாட்டி நூலையும் வெளியிட்டார். 1943இல் நிறுவப்பட்ட இலங்கைப் பறவைக் கழகம் உறுப்பினர் அனுப்பும் குறிப்புக்களை மாதந்தோறும் தொகுத்து வரலாயிற்று. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பறவையியல் களக்குழு தோன்றியது. 2016இல் மைக்கல் வான் டெர் பூர்ட்டன், நான்சி வான் டெர் பூர்ட்டன் ஆகிய இருவரும் வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி நூல், புழுக்களையும் அவை உண்ணும் செடிகளையும் விரிவாக ஆராய்ந்து, டி அல்விஸ் சகோதரர் தொடங்கிய வழியை நிறைவு செய்ய முயன்றது.

குறிப்பெழுதும் இப்பழக்கம் இன்று வெறும் பொழுதுபோக்கன்று. கொழும்பைச் சுற்றி முன்னர் பரந்திருந்த சதுப்பு நிலங்களின் பல பகுதிகள் மண் கொட்டி நிரப்பப்பட்டுக் குடியிருப்புக்களாயின. எஞ்சியவற்றுள் வெள்ளவத்தைக்கு அணித்தாயுள்ள பெல்லன்வில அத்திடிய சதுப்பு நிலம் 1990இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2018இல் கொழும்பு ஈரநில நகரங்களுள் ஒன்றாக ராம்சார் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்றது. பறவைகள் குறைந்தனவா, பூச்சிகளின் கூட்டம் சிறுத்ததா என்று இன்று வினவுவோர் முதியோரின் நினைவை மட்டும் நம்பி விடை கூற இயலாது. பழைய குறிப்புக்கள் உள்ள இடத்தில் மட்டுமே ஒப்பீடு உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன் தோட்டத்துரை ஒருவர் எழுதிய நாளும் திசையும் இன்றைய ஆய்வாளருக்குப் பொன்னினும் அரியது. அதே நாட்களில் அவர் தோட்டத்துத் தொழிலாளி கண்டது அவருக்குக் கிட்டாது.

ஆண்டுதோறும் பங்குனி பிறந்ததும் ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொள்வது எளிய காரியமே. மாலையில் ஆறுமணிக்குருவியின் குரல் கடைசியாகக் கேட்ட நாள் எது. வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் வீட்டைக் கடந்து சென்றது எந்நாள், எந்நேரம், எத்திசை. காற்று எப்பக்கமிருந்து வீசியது. ஐந்து நிமிடத்தில் எத்தனை பூச்சிகள் கடந்தன. இவ்வளவே போதும். பூச்சியின் இலத்தீன் பெயர் தெரியவேண்டும் என்பதில்லை; நிறத்தையும் பருமனையும் எழுதினாலும் பயனுண்டு. பள்ளி மாணவர் இதனைச் செய்யலாம். ஓய்வுபெற்ற முதியோர் செய்யலாம். மாடிவீட்டுச் சாளரத்தருகே நிற்கும் இல்லத்தரசியும் செய்யலாம். கொட்டாஞ்சேனையில் ஒருவரும், வவுனியாவில் ஒருவரும், ஹற்றனில் ஒருவரும் தமிழிலேயே எழுதி வைக்கும் குறிப்புக்கள் பத்து ஆண்டுகளில் ஒருங்கு சேருமாயின், பழைய ஏடுகள் விட்டுச் சென்ற இடைவெளியின் ஒரு சிறு பகுதியேனும் நிரம்பும். சித்திரைக் குயிலின் குரலுக்குச் செவிகொடுப்போர், குரலின்றிப் புறப்படும் இந்தப் பயணிகளுக்கும் ஒரு வரி எழுதி வைப்பார்களாக.